மாற்று சிகிச்சைக்குக் கையிருப்பு முழுவதையும் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருக்கிறது. அடுத்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்கிறார்கள். கொழுந்தனாரின் செல்கள் முழுமையாகப் பொருந்துகின்றன. வைப்புநிதி, மியூச்சுவல் ஃபண்டு, மகளின் படிப்புக்குச் சேர்த்தது எல்லாவற்றையும் எடுத்தால் மருத்துவமனை சொன்ன தொகைக்குச் சரியாக இருக்கும். கடனில்லாமல் முடித்துவிடலாமா? சிறுநீரகம் மாற்றிக்கொண்ட உறவினர் ஒருவர், ஆயுள் முழுக்க மாத்திரைச் செலவு என்று பயமுறுத்துகிறார்.

பதில்: 'சரியாக இருக்கும்' என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மருத்துவமனை சொல்லும் தொகை பெரும்பாலும் அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரைக்கானது. உங்கள் செலவு அதோடு நிற்காது.

முதலில் மாத்திரை. மாற்றிய சிறுநீரகத்தை உடல் என்றைக்கும் அந்நியமாகவே பார்க்கும்; அந்த எதிர்ப்பை அடக்க, அது வேலை செய்யும் வரை மருந்து வேண்டும். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரே என்ற அறுவை மருத்துவர் செய்த சிறுநீரக மாற்று, அத்தகைய மருந்து இல்லாமலே வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பதுதான். மஜ்ஜை மாற்றில் நோய் எதிர்ப்பு அமைப்பே தம்பியுடையதாக மாறிவிடும். அந்தப் புதுச் செல்கள் உங்கள் கணவரின் தோலையோ குடலையோ கல்லீரலையோ தாக்காமல் இருக்கப் பல மாதம் மருந்து கொடுத்து, தொல்லை இல்லையென்றால் படிப்படியாக நிறுத்துவார்கள். சிலருக்கு மட்டும் அது ஆண்டுக்கணக்கில் நீளும். ஆக, உங்கள் பாரம் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் குவியும்.

அதிலும் முதல் நூறு நாள் கடினமானது. வீட்டுக்கு அனுப்பினாலும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தமும் தட்டணுவும் ஏற்றுதல், காய்ச்சல் வந்தால் உடனே மறுபடி அட்மிஷன். கூடவே ஒருவர் இருக்க வேண்டும். அநேகமாக அது நீங்கள்தான். அப்படியானால் அவர் சம்பளத்தோடு உங்கள் சம்பளமும் நிற்கக்கூடும். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூடப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை: ஓராண்டு வீட்டுச் செலவும் மருந்துச் செலவும் தனியாக இருக்கட்டும். அதைத் தொடாமல் சிகிச்சைக்குக் குறையும் தொகையை, வைப்புநிதியின் பேரில் குறைந்த வட்டிக் கடனாக இப்போதே வாங்குங்கள். பையில் ஒன்றுமில்லாமல் உள்ளே போனால், நடு ராத்திரி அட்மிஷனுக்குக் கிரெடிட் கார்டைத்தான் நீட்ட வேண்டிவரும். மகளின் பணத்தில் கடைசியாகக் கை வையுங்கள். ஆனால் பணம் சேரட்டும் என்று தேதியைத் தள்ளாதீர்கள். நோய் அடங்கியிருக்கும் இந்த நேரம் விலைமதிப்பற்றது.

காப்பீடு இருந்தால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கொடையாளரின் செலவு சேருமா? டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாள் செலவு கிடைக்கும்? அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா?

கொழுந்தனாரை மறந்துவிடாதீர்கள். நாலைந்து நாள் ஊசி, பிறகு இயந்திரத்தின் வழியே ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) எடுப்பது என்று அவருக்கும் வேலை கெடும். செல்லுக்கு விலை கொடுக்கக் கூடாது. ஆனால் அவருடைய பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டுவது முறையானது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளும் அதை ஏற்கின்றன. அவர் கேட்கமாட்டார். நீங்களே கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

அட்மிஷனுக்கு முன்பே கணக்குகளை உங்கள் கையெழுத்தும் செல்லும்படி மாற்றிவிடுங்கள். தனிமை அறையில் இருப்பவரிடம் காசோலையை நீட்ட முடியாது.