நோய்க்குப் பிறகு தொண்டு: கேள்வி பதில்

நான் மனநல சமூகப்பணியாளர். கடுமையான மனநோயிலிருந்து மீண்டவர்கள் தொண்டுப் பணியில் சேர்வது பற்றிக் கேளுங்கள். மாத்திரை அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கே: மனச்சிதைவு. காதில் மட்டும் கேட்கும் குரல்கள் இன்னும் முழுசாக நிற்கவில்லை. நான் லாயக்கா அக்கா?

தம்பி, குரல் நிற்கட்டும் என்று காத்திருந்தால் வருடங்கள் போய்விடும். குரல் ஒலிக்கும்போதும் ஒரு மணி நேரம் கைவேலையில் இருக்க முடிந்தால் தொடங்கலாம். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரே இடம். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், அன்னதானத்துக்குக் காய் நறுக்கலாம். நீங்கள் வராத அன்று "ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆளாவது அங்கே இருக்க வேண்டும். கும்பலாகப் போய்ப் படம் எடுத்துத் திரும்பும் சேவை உங்களுக்கு உதவாது. மாலை நேரமாகக் கேளுங்கள். இரவு மாத்திரையின் மயக்கம் காலையிலும் இழுக்கும்.

கே: இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஏரி சுத்தம் செய்யும் குழுவோடு போகலாமா?

போங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். வியர்த்து நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். நடுக்கம் கூடினாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தாலோ உடனே மருத்துவமனை. உடம்பு வலிக்கு நீங்களாக ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், அதுவும் லித்தியத்தை ஏற்றும். கண்விழிக்கும் நிவாரண வேலை வேண்டாம். தூக்கம் கெட்டால் மேனியா, அதாவது கட்டுமீறிய மனக்கிளர்ச்சி, திரும்பலாம்.

கே: சேவையில் மனம் நிறைகிறது. மாத்திரையை விடலாமா?

விடாதீர்கள்.

கே: நோயாளியிடம் சும்மா வேலை வாங்கத்தானே 'தொண்டு' என்கிறீர்கள்?

அப்படி நடப்பது உண்டு, கோபம் நியாயம். 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் ஒரு முறையை வளர்த்தார்கள். பயிற்சி, பயிற்சி என்று இழுக்காமல் நேரே சம்பள வேலையில் சேர்த்து, துணைக்கு ஓர் ஆளை வைப்பது. பல நாட்டு ஆய்வுகளில் அதில் கூடுதல் பேருக்கு வேலை கிடைத்தது. ஆகவே சம்பளம் வேண்டுபவரைத் தொண்டில் நிறுத்தி வைப்பது தவறு. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டில் மனநோயும் உண்டு. குறைந்தது 40 சதவீத பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும்.

கே: (ஒரு தாய்) மேலே கேட்டவருக்கு: என் மகன் சம்பளம் என்றாலே நடுங்குவான். தொண்டுதான் அவனை எழுப்பியது.

அதுவும் உண்மை அம்மா. நியூயார்க்கில் 1948இல் தொடங்கிய ஃபவுண்டன் ஹவுஸ் மனநோயிலிருந்து மீள்பவர்கள் கூடும் மன்றம். அங்கே உறுப்பினர்கள் சம்பளமின்றி ஊழியர்களோடு சமைக்கிறார்கள், அலுவலகம் பார்க்கிறார்கள். அங்கிருந்தே வெளிவேலைக்கும் போகிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை "அடுத்து என்ன வேண்டும்?" என்று அவனிடமே கேளுங்கள்.

கே: அப்போ சம்பள வேலை கிடைக்கும்வரை, தொண்டுக்குப் போக பஸ் காசு?

அந்த அமைப்பு தர வேண்டும். முதல் நாளே கேளுங்கள்.

கே: தியானம், சேவை இரண்டும் இருந்தால் மருந்து எதற்கு?

மேலே படியுங்கள். நிறுத்தாதீர்கள்.

கே: சான்றிதழ் எங்கே வாங்குவது?

அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் பார்த்துத் தருவார்கள். வழி கேட்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போங்கள்.

கே: நோயைச் சொன்னதும் என் மகளிடமிருந்து காய் நறுக்கும் கத்தியை வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்வது?

கேட்கவே வலிக்கிறது. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அடிபடுவதே அவர்கள்தான். பொறுப்பாளரிடம் நீங்கள் போகாமல், மகள் சம்மதித்தால் அவளைத் தெரிந்த சமூகப்பணியாளரைப் பேசச் சொல்லுங்கள். அதே வேலையைத் திருப்பிக் கேளுங்கள். தட்டு கழுவ மாற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். அங்கே நோயின் பெயரை எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "மாதம் ஒரு நாள் மருத்துவமனை போக வேண்டும், மாலையில்தான் வர முடியும்", இவ்வளவு போதும்.