மே கடைசியில் கென்யா போகலாமா?

மே கடைசி வாரம் கென்யா போனால் மழையில் மாட்டிக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். மார்ச்சில் தொடங்கும் பெருமழை அதற்குள் ஓய்ந்துவரும். ஜூலைக் கூட்டமும் இருக்காது, அறை வாடகையும் குறைவு. சிக்கல் சேறுதான். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் பல இடங்கள் கரிசல் மண். ஒரு நல்ல மழைக்கே வண்டி புதைந்துவிடும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பாகப் பேசுங்கள். சுற்றுலா வேன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புல் உயர்ந்து நிற்பதால் சிங்கத்தைக் கொஞ்சம் தேடத்தான் வேண்டியிருக்கும். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் தான்சானியாவிலிருந்து வழக்கமாக ஜூலையில்தான் வரும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேதியை மாற்றிவிடுங்கள். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.