எலக்ட்ரானுக்கு எடை கிடையாதா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஈர்ப்பு விசை, மின்விசை, காந்த விசை மூன்றும் தனித்தனிப் பாடமாக வரும்போது கணக்குப் போட்டுவிடுகிறாள். ஒரே கணக்கில் சேர்ந்து வந்தால் குழம்புகிறாள். ஓர் இடத்தில் எலக்ட்ரானின் எடையைப் புறக்கணிக்கச் சொல்கிறார்கள். அடுத்த பக்கத்தில் எண்ணெய்த் துளியின் எடையைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? இன்னொன்று. அசையாமல் இருக்கும் மின்னூட்டத்துக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் காந்த விசை சுழி என்று விடை போட்டிருந்தது. அதை அவளால் நம்பவே முடியவில்லை. நான் காமர்ஸ் படித்தவன். அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: நீங்கள் காமர்ஸ் படித்தவர் என்பது இங்கே வசதிதான். லட்சக்கணக்கில் வரவு செலவு எழுதும் பேரேட்டில் பைசாவை விட்டுவிடுவோம். பெட்டிக்கடைக்காரர் மிட்டாய்க் கணக்கில் அதையே விட்டால் லாபமே போய்விடும். பைசா சின்னதா பெரியதா என்பது பக்கத்தில் நிற்கும் தொகையைப் பொறுத்தது. எடையைப் புறக்கணிப்பதும் அதே மாதிரிதான். "எலக்ட்ரான் என்றால் எடையை விடு" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், கேள்வித்தாளில் புரோட்டானோ தூசியோ வந்ததும் திணறுகிறார்கள். விசைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு எதை விடுவது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

செய்தே பார்ப்போம். இரண்டு உலோகத் தட்டுகள், இடைவெளி 6 மில்லிமீட்டர், நடுவே 600 வோல்ட். மின்புலம் மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட். அதற்குள் ஓர் எலக்ட்ரான். அதன் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். மின்புலத்தோடு பெருக்கினால் மின்விசை 1.6 × 10⁻¹⁴ நியூட்டன். நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம், 9.8-ஆல் பெருக்கினால் எடை 8.9 × 10⁻³⁰ நியூட்டன். ஆக, எலக்ட்ரானுக்கு எடை உண்டு. ஆனால் மின்விசை அதைப்போல சுமார் 1.8 × 10¹⁵ மடங்கு. எடையைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் விடையில் பதினைந்தாவது இலக்கம் வரை மாற்றம் தெரியாது. விடலாம்.

அதே தட்டுகள், அதே 600 வோல்ட். இப்போது ஒரு நுண்ணிய எண்ணெய்த் துளி, ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நிறை 3.27 × 10⁻¹⁵ கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை 3.2 × 10⁻¹⁴ நியூட்டன் வரும். அதில் கூடுதலாக இரண்டே இரண்டு எலக்ட்ரான்கள் ஒட்டியிருந்தால் மின்விசையும் 3.2 × 10⁻¹⁴ நியூட்டன்தான். இரண்டும் சமம்! மேல்தட்டை நேர்மின் முனையோடு இணைத்தால் துளி விழாமல் அந்தரத்தில் நிற்கும். அமெரிக்காவில் மில்லிகன் 1909-இல் தொடங்கிய எண்ணெய்த் துளிச் சோதனையின் அடிப்படை இந்தப் போட்டிதான். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அந்த வேலைக்கும் ஒளிமின் விளைவு ஆய்வுக்கும் சேர்த்து 1923-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இங்கே எடையை விட்டுவிட்டால் அளப்பதற்கு எதுவுமே மிச்சமிருக்காது.

சரி, துளியில் மட்டும் எடைக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பலம்? இந்தக் கேள்வியை மகளிடம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். மூன்று விசைகளையும் பிரித்துப் பார்க்கும் சூட்சுமம் இதற்குள்தான் இருக்கிறது.

அந்தத் துளிக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களுமாகச் சுமார் இரண்டு லட்சம் கோடி துகள்கள் இருக்கின்றன. அத்தனையும் தம் நிறையைக் கூட்டிக்கொண்டே போகின்றன. நிறையில் கழித்தல் கிடையாது. ஈர்ப்பு விசைக்கு வரவு மட்டும்தான், செலவே இல்லை. மின்னூட்டம் அப்படி இல்லை. நேர், எதிர் என்று இரண்டு வகை இருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. இத்தனை லட்சம் கோடிக்குப் பிறகு கையில் நிற்கும் மின்னூட்ட மிச்சம் வெறும் இரண்டு. துளியிலேயே இந்த நிலை என்றால் மலை, பூமி, நிலா எல்லாம் எப்படியிருக்கும்? மின்னூட்டம் ஏறக்குறைய முழுதாகக் கழிந்துவிடும். கோள்களின் ஓட்டத்தை ஈர்ப்பு விசையே தீர்மானிக்கும்.

உண்மையில் ஈர்ப்பு விசை பரிதாபமான அளவுக்குப் பலவீனமானது. ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள மின்விசை 8.2 × 10⁻⁸ நியூட்டன். ஈர்ப்பு விசை 3.6 × 10⁻⁴⁷ நியூட்டன். இரண்டும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், எவ்வளவு தள்ளி வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. பரிசோதனைச் சாலையிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. 1785-இல் பிரான்ஸில் கூலூம், மெல்லிய கம்பி முறுக்கிக்கொள்வதை வைத்து மின்விசையை அளந்தார். நெட்டி மாதிரி லேசான சின்ன உருண்டைகளே அவருக்குப் போதும். 1798-இல் இங்கிலாந்தில் கேவண்டிஷ் அதே முறுக்கு உத்தியில் ஈர்ப்பு விசையை அளக்கப் போனபோது, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் தேவைப்பட்டன. அப்படியும் கம்பி திரும்பியது இம்மியளவுதான்.

இனி, உங்கள் மகள் நம்ப மறுத்த விடை. அவள் நம்பாததில் தப்பே இல்லை. காந்தம் என்றால் இழுக்கும் என்றுதான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். ஆனால் மின்னூட்டத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசைக்கு மூன்று பேர் சேர வேண்டும்: மின்னூட்டம், அதன் திசைவேகம், காந்தப்புலம். மூன்றையும் பெருக்குகிறோம். திசைவேகம் சுழி என்றால் பெருக்கல் சுழி, அவ்வளவுதான். ஓடினாலும், புலத்தின் திசையிலேயே ஓடினால் அப்போதும் சுழி. குறுக்கே ஓட வேண்டும். (மின்னூட்டத்தை வைத்துவிட்டு காந்தத்தை ஆட்டினால் கதை மாறும், அது மின்காந்தத் தூண்டல் பாடத்தில் வரும், இப்போது வேண்டாம்.)

வீட்டிலேயே காட்டலாம். பிளாஸ்டிக் சீப்பால் தலையை நன்றாக வாரிவிட்டு, சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாளைத் துணுக்குகளாகக் கிள்ளிப் போட்டு, அதன் அருகே கொண்டுபோகச் சொல்லுங்கள். துள்ளி ஒட்டும். அதே துணுக்குகளிடம் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. குண்டூசி காந்தத்தில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் வாரினால் சீப்பு வேலை செய்யாது. மழை நாளிலும் சொதப்பும். எண்ணெய் படாத தலை, காய்ந்த மதிய நேரம் நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே பலமுறை மாணவர்களிடம் மாட்டியிருக்கிறேன். மின்னூட்டம் ஏறிய சீப்பை நூலில் கட்டித் தொங்கவிட்டு அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், சீப்பு லேசாகக் காந்தத்தை நோக்கித் திரும்பும். "சார், இழுக்குதே!" என்பார்கள். அது காந்த விசை அல்ல. சீப்பின் மின்னூட்டம், எதிரே வந்த பொருளுக்குள் இருக்கும் மின்னூட்டங்களைக் கொஞ்சம் இடம் மாற்றுகிறது. அதனால் வரும் மின்விசை. காந்தத்துக்குப் பதிலாக ஒரு கரண்டியைக் கொண்டுபோனாலும் அப்படியே திரும்பும். கரண்டி இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

"குண்டூசி ஓடவில்லையே, அதை மட்டும் காந்தம் எப்படி இழுக்கிறது?" என்று அவள் கேட்டால் சந்தோஷப்படுங்கள். இரும்புக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். இரும்பில் அவற்றில் பல ஒரே பக்கம் திரும்பி வரிசை கட்டும். அலுமினியத்தில் அப்படிக் கட்டாது. பிளஸ் டூவுக்கு இது போதும்.

காந்த விசைக்கு இன்னொரு குணம். அது எப்போதும் ஓட்டத்துக்குச் செங்குத்தாகத்தான் தள்ளும். பக்கவாட்டில் மட்டும் தள்ளுகிறவன் வேகத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, பாதையை வளைக்கலாம். அதனால் காந்தப்புலத்துக்குள் துகளின் இயக்க ஆற்றல் எவ்வளவு கூடியது என்று கேட்டால் விடை சுழி. எண்களைக் கண்டதும் கணக்குப் போடத் தொடங்கும் பிள்ளைகள் இதில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிப் பக்கம் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, வடக்கு நோக்கி, ஏறக்குறைய 4 × 10⁻⁵ டெஸ்லா. அங்கே ஒரு வெற்றிடக் குழாய்க்குள் எலக்ட்ரான் ஒன்றை வினாடிக்குப் பத்து லட்சம் மீட்டர் வேகத்தில் கிழக்கே அனுப்பினால், அது சுமார் 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் போடும். சாப்பாட்டுத் தட்டு அளவு. எண்ணெய்த் துளியை அதே ஊருக்குக் கொண்டுவாருங்கள்: வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், அதன் மீது காந்த விசை எடையில் 25 லட்சம் கோடியில் ஒரு பங்கு. எலக்ட்ரானுக்கு எடையை விட்டோம். துளிக்குக் காந்த விசையை விடுகிறோம். இதைப் புத்தகத்தில் சொல்லக்கூட மாட்டார்கள், சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள்.

குறிகளைப் பற்றி ஒரே ஒரு அறிவுரை. எலக்ட்ரானின் எதிர்க்குறியைச் சூத்திரத்துக்குள் போட்டுத் திண்டாட வேண்டாம். சூத்திரத்தில் அளவை மட்டும் கண்டுபிடித்து, திசையைப் படத்தில் அம்புக்குறியாகப் போடட்டும். ஃபிளெமிங்கின் இடக்கை விதியில் மூன்று விரல்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டினால், நடுவிரல் மின்னோட்டத்தின் திசை, சுட்டுவிரல் காந்தப்புலத்தின் திசை, பெருவிரல் விசையின் திசை. எலக்ட்ரான் ஓடுவது அதற்கு நேர் எதிர்த்திசை. கிழக்கே ஓடும் எலக்ட்ரானுக்கு நடுவிரலை மேற்கே நீட்ட வேண்டும். சுட்டுவிரல் வடக்கே. பெருவிரல் கீழே காட்டும். பரீட்சைக் கூடத்தில் கையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக அவளுக்கு ஒரு கணக்கு. அதே திருநெல்வேலியில், வீட்டு வயரிங்கில் போடும் 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, மேலுறை இல்லாமல், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு மீட்டர் கம்பியின் நிறை சுமார் 9 கிராம். பூமியின் காந்தப்புலமே அதை அந்தரத்தில் தூக்கி நிறுத்த எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும்? எடையையும் காந்த விசையையும் சமப்படுத்தினால் சுமார் 2,200 ஆம்பியர் வரும். அதற்கு வெகு முன்பே கம்பி உருகிவிடும் என்பது வேறு விஷயம். விடை வந்ததும் மின்னோட்டம் கிழக்கே போக வேண்டுமா மேற்கே போக வேண்டுமா என்று கேளுங்கள். கிழக்கே என்றால் சரி. மேற்கே என்று சொன்னால், நடுவிரலை எந்தப் பக்கம் நீட்டினாள் என்று பாருங்கள்.