ரீச்சரிடம் கேளுங்கள்: மகன் கேட்ட தொப்பி

கேள்வி: அன்புள்ள ரீச்சர் அக்காவுக்கு, என் மூத்த மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வயது முப்பத்து மூன்று, இன்னும் திருமணம் ஆகவில்லை. ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்குப் போவதில்லை, கோயிலுக்கும் எப்போதாவதுதான். ஆனால் இருபது வருடத்துக்கு முன்பே நிறுத்தப்பட்ட ஏதோ ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரை விரும்புகிறவர்களோடு சேர்ந்து திரிகிறான். வெள்ளைக்காரர், சீனர், கறுப்பினத்தவர் என்று எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களாம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழுப்பு மேலங்கி ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்புகிறான். போன குளிர்காலத்தில் பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், முறை வைத்துச் சமைத்துக் கொடுத்ததும் அவர்கள்தான். இது மதம் மாற்றும் கூட்டமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது, செம்மஞ்சளும் மஞ்சளுமாகக் காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பும்படி கேட்கிறான். கடையில் வாங்கலாமே என்றால், இல்லை அம்மா, நீங்கள்தான் பின்ன வேண்டும் என்கிறான். பின்னுவதா, விடுவதா?
ஒரு தாய், முள்ளியவளை

பதில்: பின்னுங்கள் தங்கச்சி. இன்றைக்கே நூல் வாங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயம். மதத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடரின் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பழுப்பு மேலங்கியையும் தொப்பியையும் வாசித்ததுமே என் பேத்தி “ஃபயர்ஃபிளை” என்று சொல்லிவிட்டாள். அவள் பக்கத்திலிருந்து விளக்க விளக்க, 14 பகுதிகளையும் மடிக்கணினியில் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் 2002 செப்டெம்பரில் தொடங்கி டிசம்பரிலேயே நின்றுபோன தொடர் அது. எடுத்தவை 14 பகுதிகள், அந்த மூன்று மாதத்தில் ஒளிபரப்பியவை 11. கதை தொடங்கும் முதற் பகுதியைக் கடைசியாகத்தான் காட்டினார்கள். கதையில் வரும் விண்கப்பலின் தலைவன் யார், ஏன் இப்படி அலைகிறான் என்று தெரியாமலே சனம் நடுவிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. விரும்பியவர்கள் காசு சேர்த்து வெரைட்டி என்ற திரைத்துறைப் பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2003 இறுதியில் இறுவட்டாக வெளிவந்தபோது வாங்கி வாங்கி ஆளுக்காள் கொடுத்தார்கள். அந்த விற்பனையின் பலத்தில் 2005இல் கதையைத் தொடர்ந்து ஒரு திரைப்படம் வந்தது. தொலைக்காட்சித் தொடர் திரும்பி வரவில்லை. ஆட்கள் மட்டும் கலையவில்லை. 2006 முதல் பல நகரங்களில் அந்தப் படத்தைத் திரையிட்டு, சேர்ந்த பணத்தைப் பெண்கள் உரிமைக்காக உழைக்கும் ஈக்வாலிட்டி நவ் அமைப்புக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தக் கப்பல் தலைவன் ஒரு போரில் தோற்ற பக்கத்தில் நின்றவன். அவனுடைய ஆட்கள் தோற்ற பள்ளத்தாக்கின் பெயர் செரெனிட்டி. போர் முடிந்தபின் பழைய விண்கப்பல் ஒன்றை வாங்கி, அதற்கு அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே வைக்கிறான். கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு, கப்பலில் உள்ள ஒன்பது பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கழிக்கிறார்கள். தோற்ற பக்கத்துப் படைவீரர் போட்டிருந்த மேலங்கியைத்தான் உங்கள் மகன் தைத்துப் போட்டிருக்கிறான். இதைப் பேத்தி சொன்னதும் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நடந்தேன்.

2009இல் உங்கள் மகனுக்குப் பதினேழு வயது இருந்திருக்கும். மாத்தளனா, முள்ளிவாய்க்காலா, எந்த வழியால் வெளியே வந்தான் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கூடும் இடத்தில் முதற் கேள்வி எந்த ஊர் என்பது. அடுத்தது, கடைசியில் எங்கே நின்றீர்கள் என்பது. அதற்கடுத்தது, வீட்டில் யாரை இழந்தீர்கள் என்பது. அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஒன்றுகூடலிலும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எல்லோராலும் முடியாது. பழுப்பு மேலங்கிக்காரர்களிடம் அவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தோற்ற பிறகும் சமைத்து, சாப்பிட்டு, சண்டை பிடித்து, சிரித்து வாழ்கிற மனிதரின் கதையை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் இடம் அது. அங்கே போய் இருக்கிறான். இது என் ஊகம்தான். தயவுசெய்து அவனிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள்.

நின்றுபோன ஒன்றைச் சுற்றி ஆட்கள் எப்படி இத்தனை வருடம் நிற்பார்கள் என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு இல்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் மின்சாரம் கிடையாது, பொருளாதாரத் தடையால் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒட்டுசுட்டானில் நாங்கள் இருந்த வீட்டு விறாந்தைக்கு, கிழமைக்கு ஒருமுறை வரும் ஒரு நாடகத்தைக் கேட்க அயல் பெண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். சுற்றுகிறவளின் மனம் கதைக்குள் போனால் கை தளரும், கை தளர்ந்தால் கதாநாயகியின் குரல் கம்மிக் கம்மி அடங்கிவிடும். “சுற்று, சுற்று!” என்று நாலு பக்கத்திலிருந்தும் கத்துவோம்.

ஒரு கிழமை நாடகம் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாயோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிய கதாநாயகி ரயில் ஏறினாளா, திரும்பி வந்தாளா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பெண்கள் அதே நாளில் அதே நேரத்துக்கு வந்தார்கள். ஏறிவிட்டாள் என்று ஒருத்தி, இல்லவே இல்லை என்று இன்னொருத்தி, அதில் பெரிய வாக்குவாதம். முறை வைத்து ஆளுக்கொரு கிழமை மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கினோம். பிறகு சீட்டுப் பிடித்தோம். பிள்ளைப்பேற்றுக்குத் துணை போனோம். 2009இல் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், “ரீச்சர், அவள் ரயில் ஏறிவிட்டாளா?” என்று கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண்களில் மிஞ்சியவர்கள் இன்றைக்கும் ஒருவர் வீட்டுச் செத்தவீட்டில் மற்றவர் முதல் ஆளாக நிற்கிறோம். நாடகம் ஒழுங்காக முடிந்திருந்தால், கேட்டுவிட்டு எழுந்து அவரவர் வீட்டுக்குப் போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

தொப்பிக்கு வருகிறேன். அந்தக் கப்பலில் ஜெயின் என்றொரு முரடன் இருக்கிறான். துப்பாக்கியும் கையுமாகத் திரிகிறவன், காசுக்காகக் கூட இருப்பவர்களையே காட்டிக்கொடுக்கத் துணிந்தவன். ஒரு நாள் அவனுக்குத் தபாலில் பொதி வருகிறது. உள்ளே தாயின் கடிதம், கூடவே தாய் பின்னிய தொப்பி. காது மடல்கள், உச்சியில் நூற்குஞ்சம், கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சளும் மஞ்சளும். அந்த இடத்திலேயே அதை எடுத்துத் தலையில் போடுகிறான். யார் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. ஃபொக்ஸ் அன்று ஒளிபரப்பாமல் விட்ட மூன்று பகுதிகளில் இந்தப் பகுதியும் ஒன்று. அமெரிக்காவில் பலர் பிறகு இறுவட்டில்தான் அந்தத் தொப்பியைக் கண்டார்கள். இன்று அவர்கள் கூடும் இடத்தில் அதைப் போட்டவர்களைக் காணலாம். தாங்களே பின்னுகிறவர்களும் உண்டு, காசு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. கதையில் அதைப் பின்னியது தாய். உங்கள் மகனுக்குத் தாய் முள்ளியவளையில் இருக்கிறாள். அதனால் உங்களிடம் கேட்கிறான்.

உச்சிக்குச் செம்மஞ்சள், நெற்றிப் பட்டிக்கு மஞ்சள் பிடியுங்கள். முல்லைத்தீவில் நிறம் சரியாகக் கிடைக்காவிட்டால் வவுனியாவில் பாருங்கள். பின்னல் அங்கங்கே பிசகினால் பிரிக்க வேண்டாம், கதையில் வருவதும் வீட்டில் பின்னியது என்று பார்த்தவுடன் தெரிகிற தொப்பிதான். பொதிக்குள் கையால் எழுதிய கடிதம் ஒன்றையும் வையுங்கள். கால் முறிந்தபோது சமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை அவனிடம் கேட்டு, அவர்களுக்கு என்று தனியாகக் கொஞ்சம் பனங்கட்டியும் கட்டி அனுப்புங்கள். கல்யாணப் பேச்சு இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் ஐந்து தோழிகள். சனிக்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடிப் பார்த்துவந்த தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினால் பயன் உண்டா? இனிக் கூடுவதற்கும் காரணம் இல்லையே என்று கவலையாக இருக்கிறது.
ஒரு மாணவி, மல்லாவி

பதில்: எழுதுங்கள் மகள். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரை இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, பீஜோ ட்ரிம்பிள் என்ற பெண்ணும் அவருடைய கணவரும் முன்னின்று நாடெங்கும் ஆட்களைக் கடிதம் எழுதவைத்தார்கள். மூன்றாம் பருவம் வந்தது. ஆனாலும் 1969இல், 79 பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1972 ஜனவரியில் அந்த ரசிகர்கள் நியூயோர்க்கில் கூடினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணியிருக்க, ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்குக் கதையில் வரும் எண்டர்பிரைஸ் கப்பலின் பெயரை வைக்கும்படி கடிதங்கள் எழுதிக் குவித்து, அந்தப் பெயரையே வைக்கச் செய்தார்கள். தொடர் நின்று ஏழு வருடம் கழித்து!

ஆகவே கடிதத்தில் ஐந்து பேரும் தனித்தனியாகப் பெயர், ஊர், வயது எழுதிக் கையெழுத்து வையுங்கள். எந்தப் பகுதியோடு நின்றது, எந்தப் பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். மிச்சக் கதையை ஆளுக்கொரு பகுதியாக எழுதி வாசியுங்கள். எழுதிய கொப்பியைப் படியெடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள், வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.