கராஜில் அம்மாவைக் குடிவைக்கலாமா?

கேள்வி: சிட்னி டூங்காபியில் இருக்கிறோம். வீட்டோடு ஒட்டியபடி இரண்டு கார் நிற்கும் கராஜ். கார்கள் வெளியில்தான் நிற்கின்றன. உள்ளே பழைய சோபாவும் சைக்கிள்களும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வரப்போகிறார். கராஜை கிரானி ஃப்ளாட் (வீட்டு வளவுக்குள்ளேயே தனியாகக் குடியிருக்கும் சின்ன வீடு) ஆக்க ஒரு பில்டர் 48,000 டாலர் கேட்கிறார், 30 சதவீதம் முன்பணம். "வெளியில் ஒன்றும் தெரியாது, கவுன்சிலுக்குப் (உள்ளூராட்சி சபைக்கு) போகத் தேவையில்லை" என்கிறார். அம்மாவுக்குத் தனிக் குசினி வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் இந்த பில்டர் வேண்டாம். முன்பணத்திலேயே அகப்பட்டுக்கொண்டார். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டு வேலைக்கு முன்பணமாக 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வேலை 20,000 டாலரைத் தாண்டினால், கட்டட இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்து அதன் சான்றிதழை உங்கள் கையில் தந்த பிறகுதான் ஒரு சதமாவது வாங்கலாம். பாதி வேலையில் பில்டர் திவாலானாலோ தலைமறைவானாலோ உங்களுக்கு மிஞ்சுவது அந்தக் காப்புறுதி மட்டும்தான். கவுன்சில் அனுமதி இல்லாமல் வேலை செய்கிறவர் அதை எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். அரசின் இணையப் பதிவேட்டில் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

சரி, இனி கராஜுக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் கராஜ் என்பது கார் நிற்கிற கொட்டகை, ஆள் படுக்கிற அறை இல்லை. அதை அறையாக்க அனுமதி வேண்டும், முடிந்த பிறகு குடியிருக்கலாம் என்ற சான்றிதழும் வேண்டும். யாரையும் கூப்பிடும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போங்கள். தரையிலிருந்து கூரைத்தட்டு வரை அளந்து பாருங்கள். படுக்கையறைக்கு 2.4 மீட்டர் உயரம் கேட்பார்கள். 2.45 இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். கராஜ் தரை பொதுவாக வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக, கதவுப் பக்கம் சரிந்தும் இருக்கும். அதை மட்டப்படுத்தி உயர்த்தினால் அந்த மிச்ச 5 சென்டிமீட்டர் எளிதில் போய்விடும். பல பழைய கராஜ்கள் தோற்பது இங்கேதான்.

அப்புறம் ஈரம். ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் நின்றால், சிமெந்துக்குக் கீழே ஈரத்தடுப்பு சரியில்லை என்று சந்தேகப்படலாம். என் நண்பர் ஒருவர் இதைப் பார்க்காமல் நேரே கம்பளம் போட்டார். முதல் மழைக்காலத்திலேயே அறை முழுக்க நனைந்த சாக்கு நாற்றம். மூட்டுவலியோடு வரும் அம்மாவை அதற்குள் வைக்க முடியுமா?

பக்கத்துச் சுவர் எல்லை வேலியிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். அதில் சாதாரண ஜன்னல் வைக்கவும் முடியாது. அறைத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் ஜன்னல் தேவை என்பதால், பெரும்பாலும் ரோலர் கதவு இருந்த இடத்தில்தான் அது வரும். ஆக, "வெளியில் ஒன்றும் தெரியாது" என்பது எப்படியும் நடக்காது. கராஜ் 1990க்கு முந்திய ஃபைப்ரோ (சிமெந்துத் தாள்) கட்டடமாக இருந்தால், துளை போடும் முன் அஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யுங்கள்.

இப்போது குசினி. உங்கள் மனைவியோடு ஒரு சொல் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். தனிக் குசினியும் தனிக் குளியலறையும் தனி வாசலும் வந்தால் அது இரண்டாவது வீடு ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் தீயும் சத்தமும் தடுக்கும் சுவர் வேண்டும். போன கார் நிறுத்தும் இடத்துக்குப் பதில் எங்கே என்று கவுன்சில் கேட்கலாம். செலவும் ஏறும். குளியலறையோடு ஒரு பெரிய படுக்கையறை, வீட்டுக்குள்ளிருந்தே வாசல் என்றால் அது வீட்டை மாற்றியமைக்கும் வேலை மட்டுமே. அனுமதி அதற்கும் வேண்டும்தான், ஆனால் சிக்கல் குறைவு. அம்மா விடியற்காலை தேநீர் போட ஒரு கேத்திலும் சின்ன ஃப்ரிட்ஜும் போதாதா? அம்மாவையே கேளுங்கள். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடவா இவ்வளவு தூரம் வருகிறார்?

அம்மா ஊர் வீட்டை விற்று இந்த வேலைக்குப் பணம் தருவதாக இருந்தால், யாருக்கு என்ன உரிமை என்பதை வழக்கறிஞர் மூலம் முதலிலேயே எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குள் பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: பிளாக்டவுனில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கராஜை மாற்றிய கிரானி ஃப்ளாட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. "அந்த வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்கிறார் ஏஜென்ட். பின்னாளில் அதைத் தனியாக விற்கவும் முடியுமா?

பதில்: விற்க முடியாது. கிரானி ஃப்ளாட்டை நிலத்திலிருந்து பிரித்துத் தனிப் பத்திரம் வாங்க சட்டம் விடாது. முதலில் அது கிரானி ஃப்ளாட்தானா என்று பாருங்கள். விளம்பரத்தில் 'ஸ்டூடியோ', 'பல்நோக்கு அறை' என்று நழுவியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். குடியிருப்புச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். "தேடிப் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால், இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அனுமதி இல்லாத கட்டடத்தை வாங்கினால் தொல்லையும் சேர்ந்து உங்கள் பெயருக்கு வரும்: பழையபடி கராஜாக்கு என்று கவுன்சில் உத்தரவிடலாம், தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் ஒன்று பாக்கி. வாடகைக்கு விட்ட பகுதிக்கு, வீட்டை விற்கும் நாளில் மூலதன ஆதாய வரியிலிருந்து (விற்ற லாபத்துக்கான வரி) விலக்கு கிடைக்காது. ஏஜென்டின் கணக்கில் அந்த வரி இருக்காது.