அம்மா தனியாக இருக்கும் வீட்டில் வைஃபை கேமரா வைக்கலாமா?

கேள்வி: அப்பா காலமான பிறகு 72 வயது அம்மா திருநெல்வேலி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். ஹாலில் ஒரு வைஃபை கேமரா மாட்டினால் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வேறு யாராவது அதைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஹாலில் வேண்டாம், வாசலைப் பார்த்து மாட்டுங்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். வீட்டு கேமராக்கள் விற்கும் அமேசானின் ரிங் நிறுவன ஊழியர்களே வாடிக்கையாளர்களின் படுக்கையறைக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்று, நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது. 2023-ல் அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் (Wyze) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேமராக்களின் சேவை நின்றுபோய்த் திரும்ப வந்தபோது, சுமார் 13,000 பேருடைய ஆப்பில் அடுத்தவர் வீட்டுப் படங்கள் வந்தன. வீட்டுக்காரர் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் இவற்றைத் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் எந்த கேமரா என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு கோளாறு. கேமரா மாட்ட வருபவர் அவசரத்தில் தன் போன் நம்பரிலேயே அக்கவுண்ட் திறந்து, உங்களுக்கு ஷேர் செய்துவிட்டுப் போய்விடுவார். படம் உங்கள் போனில் வரும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் ஆப்பைப் பொறுத்தவரை கேமராவின் சொந்தக்காரர் அவர்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அந்த போன் யார் கைக்குப் போகும்? ஆப்பில் கேமராவின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். ஷேர் செய்யப்பட்டது என்று இருந்தால், அவர் ஆப்பிலிருந்து அதை நீக்கச் சொல்லி, கேமராவின் ரீசெட் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, உங்கள் நம்பரில் புதிதாகச் சேருங்கள்.

பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்து அனுப்பும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்று பார்த்துத்தான். ஓடிபி கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருந்தால் கேமராவை அதில் சேருங்கள். தேவையில்லை என்றால் மைக்கை அணைத்துவிடலாம். பதிவு மெமரி கார்டிலேயே இருக்கட்டும், பதிவைக் கம்பெனி சர்வரில் சேமித்துவைக்கும் கிளவுட் சந்தா வேண்டாம். அப்போதும் நீங்கள் நேரலையில் பார்க்கும் படம் கம்பெனி சர்வர் வழியாக வரலாம் என்பது நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் மதியம் கேமரா இருட்டாகிவிடுகிறது என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கேமரா மேல் ஈரத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் காலை நீட்டிப் படுப்பேன் தம்பி, அதையுமா அவன் பார்க்கணும்?" என்றார் அவருடைய அம்மா. மகனிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். உங்கள் அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாட்டியதும் உங்கள் போனில் என்னென்ன தெரிகிறது என்று அவருக்கே காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் கோணம் வேண்டாம்.

அவர் விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்பதுதான் கவலை என்றால், அதற்கு வீடியோதான் வேண்டும் என்றில்லை. கதவில் ஒட்டும் சிறிய சென்சார்கள் கிடைக்கின்றன. அவற்றில் படமும் கிடையாது, குரலும் கிடையாது. கதவு திறந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும். அம்மா தினமும் ஆறரைக்குக் காபி போட எழுந்திருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை வரை அடுக்களைக் கதவு திறக்கவில்லை என்றால் நீங்கள் போன் செய்யலாம், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லலாம்.