மலிவு விலை இங்கிலீஷ் சேணம்: நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பரந்தன் பக்கம் மட்டக்குதிரை ஒன்று வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: இணையத்தில் இங்கிலீஷ் சேணம் (முன்னால் கைப்பிடிக் கொம்பு இல்லாத வகை) மலிவாக வருகிறது, நம்பி எடுக்கலாமா, தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டாரில் குதிரை லாயமொன்றில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு மல்லாவிக்குத் திரும்பியவன் நான். நாளுக்குப் பத்துக் குதிரைக்காவது சேணம் கட்டி அவிழ்த்திருக்கிறேன். தம்பி, மலிவு என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஆனால் தோலின் மினுக்கத்தில் மட்டும் மயங்க வேண்டாம். அது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே மறைந்திருக்கும் சட்டம். அதை 'ட்ரீ' என்பார்கள். மரத்தகடுகளை ஒட்டி உருக்குப் பட்டை வைத்துச் செய்வதும் உண்டு, பிளாஸ்டிக்கில் வார்ப்பதும் உண்டு. சேணத்தின் முன்வளைவை உங்கள் தொடையில் ஊன்றி, பின்மேட்டைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் வளைந்தாலோ, கிறீச்சிட்டாலோ, இருக்கையின் நடுவில் தோல் சுருங்கி மடிந்தாலோ சட்டம் உடைந்திருக்கலாம். பிறகு முன்வளைவின் இரண்டு காலையும் கைகளால் பிடித்து நெருக்கிப் பாருங்கள். அங்கே அசைவே இருக்கக்கூடாது. உடைந்த சட்டம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது சேணத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது. குதிரையின் முதுகில் படுகிற இரண்டு மெத்தையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் முன்னிருந்து பின்வரை மூன்று விரல் அகலமாவது வேண்டும், முதுகெலும்பில் எதுவும் முட்டக்கூடாது. உள்ளங்கையால் மெத்தையை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். கட்டியோ பள்ளமோ தட்டுப்படும்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஊருக்கு வந்த புதிதில் நண்பரின் குதிரைக்கு நானே ஒரு புதுத் தோல் சேணம் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் கிழமை சவாரி முடிந்து கழற்றினால், முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, இடப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. விரலை வைத்ததும் குதிரை முதுகைத் தாழ்த்தி விலகியது. மெத்தையைப் பிரித்துப் பார்த்தோம், அந்தப் பக்கத்துக் கம்பளி உருண்டு கல்லுப்போல இருந்தது. சில மாதத்தில் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. அழுத்தத்தில் மயிருக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் செத்தால் அப்படித்தான். வண்டில் மாட்டின் நுகத்தைக் கழற்றியதும் அப்பா முதலில் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார், பிறகுதான் தண்ணீர் காட்டுவார். அந்தப் பழக்கத்தை நான் முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால் அந்த வாயில்லாச் சீவன் மூன்று கிழமை நோவோடு ஓடியிருக்காது.

இனி உங்கள் உயிருக்கானது. கால் வைக்கும் அங்கவடியின் வாரை மாட்டும் இரும்பு அடித்துச் செய்ததாக இருக்க வேண்டும். வார்த்த இரும்பு முறியும். அதன் நுனியிலுள்ள கொக்கியைத் திறந்தே விடுங்கள், விழுந்தால் வார் கழன்று வரும். இல்லாவிட்டால் கால் மாட்டி இழுபடுவீர்கள். வயிற்றுப்பட்டி மாட்டும் வார் பக்கத்துக்கு மூன்று இருக்கும். பெரும்பாலும் முதல் வார் சேணத்துக்குள் போகும் ஒரு நாடாவிலும் மற்ற இரண்டும் இன்னொரு நாடாவிலும் தைத்திருக்கும். அதனால் முதலாவதை எப்போதும் மாட்டி, கூட மற்ற இரண்டில் ஒன்றை மாட்டுங்கள். ஒரு நாடா அறுந்தாலும் மற்றது தாங்கும். ஓட்டைகள் நீண்டு இழுபட்டிருந்தால் வார் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

தோலை மடித்துப் பாருங்கள். நல்லதென்றால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். மட்டமானது வெடிக்கும், அல்லது மேற்பூச்சு உரியும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயமும் தெரிந்துவிடும். எந்த ஊரில் செய்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் வால்சால் சேணத்துக்குப் பேர் போன ஊர், அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்தின் பட்டப்பெயரே 'சேணக்காரர்' என்பதுதான். இந்தியாவின் கான்பூரிலிருந்து மலிவுச் சரக்கும் வருகிறது, தரமானதும் வருகிறது.

என்னைக் கேட்டால், அதே காசுக்குப் புதுத் தோல் சேணத்தைவிட, வின்டெக் போன்ற கம்பனியின் பாவித்த செயற்கைச் சேணம் மேல். முன்வளைவின் அகலத்தை மாற்றக்கூடிய மாதிரிகள் அதில் உண்டு. மட்டக்குதிரையின் முதுகு அகலமானது, ஒடுங்கிய சேணம் கிள்ளும். அதோடு கார்த்திகை மார்கழி மழையில் எங்கள் வீடுகளில் தோல் எப்படிப் பூஞ்சணம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செயற்கையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்தால் போதும்.

காசு அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: கவிழ்த்த அடிப்பக்கம் ஒன்று, பக்கத்தில் தொங்கும் மூடியைத் தூக்கி வயிற்றுப்பட்டி வார்கள் தெரிய ஒன்று. உங்கள் குதிரையைப் பக்கவாட்டில் எடுத்த படத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.